உலகத் தரவரிசையைப் பார்த்துப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கலாமா? சுங்கை சிப்புட் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில், பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் உட்காருகிறோம். பாரம் நிரப்புவது, கடனுக்கு விண்ணப்பிப்பது, எந்தப் படிப்பை முதல் தேர்வாகப் போடுவது என்று பேசுவது, இதுதான் வேலை. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவத்துக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அதனால் இந்த முடிவு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

சில வருடங்களாக ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வருகிறது. கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டி, "சார், இது உலகத்தில் எத்தனையாவது?" என்கிறார்கள். அதைச் சுற்றி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தத் தரவரிசைகளை யார் போடுகிறார்கள்? அரசாங்கமா?

இல்லை. உலக அளவில் அதிகம் பேசப்படுபவை மூன்று. ஷாங்காய் ஜியாவ் தொங் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியல் ஒன்று. மற்ற இரண்டும் பிரிட்டனைச் சேர்ந்தவை: கியூ.எஸ். நிறுவனத்தின் பட்டியல், டைம்ஸ் உயர்கல்விப் பட்டியல். இந்த இரண்டும் 2004 முதல் 2009 வரை ஒரே பட்டியலாக இருந்தன. பிறகு பிரிந்து தனித்தனியாக வெளியிடுகின்றன. இரண்டுமே வணிக நிறுவனங்கள். பட்டியல் போடுவதோடு பல்கலைக்கழகங்களுக்கு விளம்பரம், ஆலோசனை, தரவுச் சேவைகளும் விற்கின்றன. நம் நாட்டில் பத்திரிகைகளும் அமைச்சர்களும் அதிகம் எடுத்துப் பேசுவது கியூ.எஸ். பட்டியலைத்தான்.

எதை வைத்து மதிப்பெண் கொடுக்கிறார்கள்? பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்று வந்து பார்க்கிறார்களா?

யாரும் வந்து பார்ப்பதில்லை. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கியூ.எஸ். பட்டியலில், 2024 பதிப்பிலிருந்து உள்ள கணக்குப்படி, 30 விழுக்காடு கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்பு. "உங்கள் துறையில் சிறந்த பல்கலைக்கழகங்கள் எவை?" என்று உலகம் முழுக்கப் பேராசிரியர்களைக் கேட்கிறார்கள். இன்னொரு 15 விழுக்காடு முதலாளிகளிடம் எடுக்கும் கணிப்பு. ஆக, கிட்டத்தட்ட பாதி மதிப்பெண் பெயருக்கும் புகழுக்கும் போய்விடுகிறது. 20 விழுக்காடு, ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதற்கு. விரிவுரையாளருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்துக்கு 10 விழுக்காடு. வகுப்பறைக்குப் பக்கத்தில் வருவது அது ஒன்றுதான். அதுவும் தலைகளை எண்ணுவது. ஒருவர் வகுப்புக்கே வராத ஆராய்ச்சியாளராக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட வழியுண்டு. மீதியை வெளிநாட்டு விரிவுரையாளர், வெளிநாட்டு மாணவர், ஆய்வுக் கூட்டுறவு, பட்டதாரிகளின் வேலை நிலவரம், நிலைத்தன்மை என்று ஐந்தைந்தாகப் பிரித்திருக்கிறார்கள்.

டைம்ஸ் பட்டியலில் 'கற்பித்தல்' என்று ஒரு பெரிய தலைப்பே இருக்கிறது. அதற்கு 29.5 விழுக்காடு. பார்த்ததும் மனது குளிரும். உள்ளே போய்ப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல், 15 விழுக்காடு, மறுபடியும் கருத்துக் கணிப்புதான். மீதி ஆள் விகிதம், எத்தனை முனைவர் பட்டம் கொடுத்தார்கள், பல்கலைக்கழகத்தின் வருமானம் என்பவை.

ஷாங்காய் பட்டியல் இன்னும் வெளிப்படையானது. அங்கே படித்தவர்கள், வேலை செய்பவர்கள் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் மட்டும் 30 விழுக்காடு. மற்றவை ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள்களும். நோபல் பரிசு பெற்றவர் ஒருவர் இருக்கும் வளாகம் பெருமைக்குரியதுதான். ஆனால் உங்கள் மகளின் முதலாண்டுக் கணக்குப் பாடத்தை நடத்தப்போவது அவர் இல்லை.

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாளியில் எத்தனை கிலோ என்று பார்த்தால் மட்டும் கணக்கு முடியாது. மாதிரி எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்றும் பார்ப்பார்கள். மழை ஈரத்தில் பால் தண்ணீராக இருக்கும். எடை ஏறும், ரப்பர் ஏறாது. உலகத் தரவரிசை எடையை நன்றாகவே நிறுக்கிறது. இளங்கலை மாணவனுக்கு எவ்வளவு தேறும் என்ற இரண்டாவது சோதனைதான் அதில் இல்லை.

மலாயாப் பல்கலைக்கழகம் ஒரு தடவை 89ஆம் இடம் வந்து, மறுவருடமே விழுந்துவிட்டது என்கிறார்களே. என்ன நடந்தது?

இதை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2004இல் அந்தக் கூட்டுப் பட்டியல் முதல் தடவையாக வந்தபோது மலாயாப் பல்கலைக்கழகம் உலகில் 89ஆம் இடத்தில் இருந்தது. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யு.எஸ்.எம்., 111ஆம் இடம். நாடே மகிழ்ந்தது. உலகின் முதல் நூறில் நாமும் ஒருவர் என்று பதாகைகள் கட்டினார்கள். நானும் வகுப்பில் மாணவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

2005 பட்டியல் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 169க்கு இறங்கியது. யு.எஸ்.எம். 326க்குப் போய்விட்டது. நாடாளுமன்றம் வரை சத்தம். ஒரே வருடத்தில் பல்கலைக்கழகம் எப்படி இவ்வளவு கெட்டுப்போகும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

கெட்டுப்போகவில்லை. வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்பதற்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண் உண்டு. 2004 கணக்கில் மலேசியச் சீனர்களையும் மலேசிய இந்தியர்களையும் வெளிநாட்டவர் என்று எண்ணிவிட்டார்கள். மறுவருடம் அதைத் திருத்தினார்கள். இடம் சரிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறோம். நம் பிள்ளை இங்கே பிறந்து, இங்கே ஒன்றாம் வகுப்பு படித்து, இந்த நாட்டுத் தேர்வை எழுதி உள்ளே போனது. அந்தப் பிள்ளை தூரதேசத்திலிருந்து ஈர்க்கப்பட்டு வந்த அந்நிய மாணவராகப் பட்டியலில் ஏறி, பல்கலைக்கழகத்துக்கு உலகப் பெருமை வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனது வலித்தது. இன்றும் வலிக்கிறது.

வலியை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் பாடம் தெளிவு. 2004க்கும் 2005க்கும் இடையில் விரிவுரை மண்டபம் மாறவில்லை. நூலகத்தில் புத்தகம் குறையவில்லை. பாடம் நடத்தியவர்கள் அதேபோல்தான் நடத்தினார்கள். 'வெளிநாட்டவர்' என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்ற விளக்கம் மாறியது. அப்புறம் 80 இடம் காணாமல் போனது.

ஆனால் பிறகு மறுபடி மேலே ஏறி 60ஆம் இடத்துக்கு வந்ததே? அதுவும் பொய்யா?

பொய் இல்லை. கியூ.எஸ். 2025 பதிப்பில் மலாயாப் பல்கலைக்கழகம் 60ஆம் இடம். அதே 2025க்கான டைம்ஸ் பட்டியலில் 251–300 என்ற கட்டத்தில் இருந்தது. ஷாங்காய் பட்டியலில் 300க்கு அப்பால். ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஆசிரியர்கள். எது உண்மையான இடம் என்று கேட்டால் மூன்றும்தான். மூன்று பேரும் வெவ்வேறு பொருளை அளந்துவிட்டு, 'சிறந்த பல்கலைக்கழகம்' என்ற ஒரே பெயரை வைக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டன் பொருளியல் கல்லூரி 2024இல் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றின் உள்நாட்டுப் பட்டியலில் முதலிடம் வாங்கியது. கியூ.எஸ். 2025 உலகப் பட்டியலில் அது 50ஆம் இடம். மருத்துவமும் பொறியியலும் இல்லாத, பெரும்பாலும் சமூக அறிவியல் நடத்தும் கல்லூரி அது. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் கணக்கு அதற்குச் சாதகமாக இருக்காது. அங்கே பொருளியல் படிக்க இடம் கிடைத்த ஒருவரிடம் போய், 49 இடங்கள் இதைவிட மேல் என்று சொன்னால் அர்த்தம் இருக்குமா?

அப்படியென்றால் தரவரிசையைப் பார்க்கவே வேண்டாமா, சார்?

அப்படிச் சொல்லமாட்டேன். எண் எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டும் அதை நம்பலாம்.

முதலாவது, ஆராய்ச்சி. முதுகலை, முனைவர் பட்டம் என்று போகிறவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை, மேற்கோள், ஆய்வுக்கூடம், பணம் எல்லாம் நேரடியாகத் தேவை. அவர்களுக்கு இந்தப் பட்டியல்கள் ஒரு நல்ல தொடக்கம். அங்கும் துறையையும் வழிகாட்டப்போகும் பேராசிரியரையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, பெரிய இடைவெளி. 40ஆம் இடத்துக்கும் 900ஆம் இடத்துக்கும் நடுவில் உண்மையான வேறுபாடு இருக்கத்தான் செய்யும். 140க்கும் 170க்கும் நடுவில் ஒன்றையும் தேடாதீர்கள். டைம்ஸ் பட்டியலே 200க்குப் பிறகு தனித்தனி எண் கொடுக்காமல் கட்டம் கட்டமாகத்தான் போடுகிறது.

மூன்றாவது, சில கதவுகளை அந்த எண்ணே திறக்கிறது. பிரிட்டன் 2022இல் தொடங்கிய ஒரு விசா திட்டத்தில், இந்த மூன்று பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளுக்கு, கையில் வேலை இல்லாமலேயே போய்த் தேட அனுமதி கொடுத்தார்கள். ஹாங்காங்கும் அதே வருடக் கடைசியில் முதல் நூறு பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் படித்து அங்கேயே வேலை பார்க்க நினைப்பவர் இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் எண்ணை வேண்டுமென்றே ஏற்ற முடியுமா?

முடியும். பல பட்டியல்களுக்கு ஒரு பகுதித் தகவலைப் பல்கலைக்கழகமே நிரப்பி அனுப்புகிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்த நாட்டுப் பட்டியல் ஒன்றில் 2ஆம் இடத்தில் இருந்தது. 2022இல் அங்கேயே வேலை செய்யும் கணிதப் பேராசிரியர் மைக்கல் தடேயஸ், தன் பல்கலைக்கழகம் அனுப்பிய வகுப்பு அளவு, ஆசிரியர் தகுதி போன்ற எண்கள் சரியில்லை என்று கணக்கோடு எழுதினார். பல்கலைக்கழகமும் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது. அந்த வருடமே 18ஆம் இடத்துக்கு இறங்கியது. சொந்த நிறுவனத்தைப் பற்றி அப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! அவரைப் பற்றி மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வேன்.

பொய் சொல்லாமலும் ஏற்றலாம். கட்டுரை எண்ணிக்கை முக்கியம் என்றால் விரிவுரையாளருக்கு அதையே இலக்காக வைக்கிறார்கள். அவரும் மனிதர்தானே. கட்டுரை எழுதினால் பதவி உயர்வு, நன்றாகப் பாடம் நடத்தினால் ஒரு நன்றி என்று இருந்தால், இரவு பத்து மணிக்கு எதை எடுத்து வைத்து உட்காருவார்? என் பழைய மாணவர்கள் சிலர் இப்போது விரிவுரையாளர்கள். பாடம் நடத்துவதில் உயிரை வைத்திருப்பவர்கள். அவர்கள் படும் பாட்டைக் கேட்டிருக்கிறேன்.

சில நல்ல நிறுவனங்கள் விலகியும் விட்டன. 2020இல் சென்னை, மும்பை, டில்லி உட்பட ஏழு ஐ.ஐ.டி.கள், கணக்கிடும் முறையில் தெளிவில்லை என்று சொல்லி டைம்ஸ் பட்டியலைப் புறக்கணித்தன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023இல் விலகியது, சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகம் 2024இல். பட்டியலில் பெயர் இல்லாததால் சென்னை ஐ.ஐ.டி. தரம் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

தமிழ் படிக்க ஆசை. தரவரிசை பார்த்து எங்கே போவது?

தங்கச்சி, உனக்கு எந்தப் பட்டியலும் உதவாது.

மேற்கோள் கணக்கெல்லாம் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களிலிருந்து எடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆங்கில ஆய்விதழ்கள். ஒரு பேராசிரியர் பத்து வருடம் தோட்டம் தோட்டமாகப் போய், தாலாட்டும் ஒப்பாரியும் சேகரித்துத் தமிழில் ஒரு நல்ல நூல் எழுதினால், அந்தக் கணக்கில் அது அநேகமாக ஏறாது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் அங்கே பேராசிரியராக இருந்தார். உலகின் முதல் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது அவருடைய முயற்சியால். மதுரையில் இல்லை, சென்னையில் இல்லை, நம் நாட்டில்! இதன் மதிப்பு 89இலும் இல்லை, 60இலும் இல்லை. தமிழாசிரியர் ஆக வேண்டும் என்றால் தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமான உப்சியைப் பார். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. தமிழ்மொழிக் கல்விக்கென்று பட்டப்படிப்பு இருக்கிறது. நம் ஊர் நிலையத்தில் ஏறினால் ரயிலிலேயே போய்விடலாம்.

ஏஜெண்ட் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் காட்டினார். 'உலகின் முதல் 500இல் ஒன்று' என்கிறார். நம்பிச் சேர்க்கலாமா?

பணம் கட்டாதீர்கள். முதலில் அங்கீகாரத்தைப் பாருங்கள். தரவரிசை வேறு, அங்கீகாரம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், தோட்டத்து வீட்டுப் பிள்ளை. அழகான பிரசுரம், மேலே பெரிய எழுத்தில் தரவரிசை எண். அம்மாவின் நகையும் அப்பாவின் சேமநிதிப் பணமும் போனது. படித்து முடித்துத் திரும்பினான். அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தது உண்மை. அவன் படித்த படிப்பை இங்குள்ள தொழில்முறை வாரியம் ஏற்கவில்லை என்பதும் உண்மை. மறுபடி தேர்வு, மறுபடி பயிற்சி என்று இரண்டு வருடம் போனது. அவன் சேரும் முன் ஒரு தடவை என்னிடம் காட்டியிருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

உள்நாட்டுப் படிப்பு என்றால் 2007இல் அமைக்கப்பட்ட மலேசியத் தகுதி முகவத்தின் பதிவேட்டில் தேடுங்கள். எம்.கியூ.ஏ. என்று எல்லோரும் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, உங்கள் பிள்ளை படிக்கப்போகும் அதே படிப்பின் பெயர் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியல். பொறியியல் என்றால் பொறியாளர் வாரியத்தின் கீழ் உள்ள அங்கீகார மன்றம். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் முழு உறுப்பினர் ஆனது. அந்த மன்றம் ஏற்ற படிப்புக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. இதெல்லாம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை.

சட்டம் படிக்க பிரிட்டன் போவது நல்லதா, இங்கேயா?

இதிலும் எண் வழிகாட்டாது. உலகப் புகழ் பெற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கி வந்தாலும், இங்கே வழக்கறிஞராக, சட்டத் தொழில் சான்றிதழுக்கான சி.எல்.பி. தேர்வோ பாரிஸ்டர் தகுதியோ வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்திலோ மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்.மிலோ சட்டம் படித்தவர் சி.எல்.பி. எழுத வேண்டியதில்லை. வசதி இருப்பவர்கள் வெளியே போகட்டும், நல்ல அனுபவம்தான். கடன் வாங்கிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

வேலை கொடுப்பவர்கள் தரவரிசை பார்க்கிறார்களா?

அரசாங்க வேலைக்கு அங்கீகரிக்கப்பட்ட தகுதிதான் கேள்வி. தனியார் துறையில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஓரளவு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் நேர்காணலுக்குப் போய்வந்து சொல்வதைக் கேட்டால், தொழிற்பயிற்சி எங்கே செய்தாய், என்ன செய்யத் தெரியும், இதை ஆங்கிலத்தில் விளக்கு, இவைதான் வருகின்றன.

இடமும் முக்கியம். பினாங்கில் தடையற்ற வணிக வட்டாரம் வந்து இண்டெல் 1972இல் ஆலை தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. கெடாவில் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கிறது. பக்கத்திலேயே படிக்கும் பொறியியல் மாணவன் தொழிற்பயிற்சிக்கு அங்கே போகிறான், மேலாளருக்கு முகம் தெரிகிறது, முடித்ததும் கூப்பிடுகிறார்கள். வளாகத்திலிருந்து தொழிற்சாலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எந்தத் தரவரிசையும் கேட்பதில்லை.

என் மகன் பாலிடெக்னிக் போக ஆசைப்படுகிறான். அது எந்தப் பட்டியலிலும் இல்லையே?

இருக்காது. ஆய்வுக் கட்டுரை எழுதுவது அவர்கள் வேலை இல்லை. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். கையால் செய்து கற்கிற பிள்ளைக்கு அது மிக நல்ல இடம். டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்கும் போகலாம். தடுக்காதீர்கள்.

சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளப் பெரிய பெயர் வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்வது, சார்?

அம்மா, அவர் ஆசை எனக்குப் புரிகிறது. விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்ப் பிள்ளை வளர்த்தவருக்கு, தலை நிமிர்ந்து ஒரு பெயர் சொல்ல ஆசை இருக்காதா? அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அவரிடம் இதையும் சொல்லுங்கள். நான் பாடம் நடத்திய இரண்டு பெண்கள், ஒரே வருடம், ஏறக்குறைய ஒரே மதிப்பெண். ஒருத்திக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம், ஆனால் விரும்பாத படிப்பு. எண்ணைப் பார்த்து வீட்டில் அனுப்பினார்கள். பெரிய மண்டபத்தில் கடைசி வரிசை, யாரையும் தெரியாது, இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டாள். இன்னொருத்தி பட்டியலில் எங்கோ பின்னால் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கணக்கியல் படிக்கப் போனாள். முதல் தேர்வில் சறுக்கினாள். ஒரு மலாய்க்கார விரிவுரையாளர் கூப்பிட்டு உட்காரவைத்து, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் முதல் வகுப்பில் தேறினாள். அதனால் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து அவளுக்கு விலக்கு கிடைத்தது. அந்தக் கடிதத்தை அவள் அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

அந்த விரிவுரையாளர் ஒதுக்கிய ஒரு மணி நேரத்துக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை.

சரி, அப்போது எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில் படிப்பு, பிறகுதான் பல்கலைக்கழகம். பிள்ளைக்கு எந்தப் பாடத்தை நேரம் போவது தெரியாமல் படிக்க முடிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். உயர்கல்வி அமைச்சின் 'செத்தாரா' மதிப்பீட்டையும் புரட்டலாம். அது நட்சத்திரம் கொடுக்கும் முறை, வரிசை போடுவதில்லை. அதனால் எனக்கு அதன்மேல் மரியாதை கொஞ்சம் அதிகம்.

அப்புறம் ஆளைக் கேளுங்கள். அதே படிப்பில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை யாராவது இருப்பார். வாட்சாப்பில் பிடித்துக் கேட்கலாம். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? சந்தேகம் என்றால் விரிவுரையாளரைப் பார்க்க முடிகிறதா? உன்னோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன்? தொழிற்பயிற்சிக்கு இடம் அவர்களே தேடிக்கொடுக்கிறார்களா, நீயே அலைந்தாயா? விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைச் சின்னது என்று நினைக்காதீர்கள். விடுதி இல்லை என்றால் வெளியே அறை வாடகை, மோட்டார் சைக்கிள், பெட்ரோல் என்று மாதச் செலவு ஏறிக்கொண்டே போகும். பணம் இல்லாமல் பாதியில் நின்ற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாடம் புரியாமல் நின்றவர்களைவிட அவர்கள்தான் அதிகம்.

இவ்வளவும் பார்த்த பிறகு இரண்டு இடம் சமமாக நின்றால், அப்போது தரவரிசையைப் பாருங்கள். தாராளமாகப் பாருங்கள்.

சனிக்கிழமை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

தேர்வு முடிவுத் தாள், அடையாள அட்டை, மியூட் என்ற ஆங்கிலத் தேர்வின் முடிவு இருந்தால் அது, புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள். யு.பி.யு. மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. ஆகவே பள்ளியில் கபடி ஆடிய சான்றிதழ் அலமாரிக்கு அடியில் கிடந்தாலும் தேடி எடுத்து வாருங்கள். முடிந்தால் அப்பா அம்மா இருவரும் பிள்ளையோடு வாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். தேநீர் இருக்கும்.